லேடீஸ் வாசலில், ஜென்ட்ஸ் முக்கில்

கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்து இறங்கும்வரை எஸ்தர் தூங்கினாள். நான் இருக்கைப் பையில் இருந்த பாதுகாப்பு அட்டையை இரண்டு முறை படித்தேன். கிள்ளானில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலை. கெட்டது நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்காகவே எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போவதில்லை.

இந்தத் தடவை நியாயமான காரணமும் இருந்தது. நாற்பத்தேழு வயதான என் மனைவி, தான் பிறந்த கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒரே நாளில் எண்பது கிலோமீட்டர் ஓடப்போகிறாள். சில மாதங்களுக்கு முன் கிள்ளானில் பயிற்சி ஓட்டம் முடித்துத் திரும்பும்போது பூக்கடை வாசலில் மயங்கி விழுந்தவள். உடம்பில் உப்பு குறைந்துவிட்டது, வேறொன்றுமில்லை என்றார் மருத்துவர். எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, தாராளமாக ஓடலாம் என்றும் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இதை முடிக்க முடியாவிட்டால் ஓட்டத்தையே விட்டுவிட வேண்டும் என்று அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். உடனே சரி என்றாள். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதும் எனக்குக் கவலையாகத்தான் இருந்தது.

முதல் நாளே என் கைவரிசையைக் காட்டினேன். சென்ட்ரல் பக்கத்துப் புறநகர் நிலையத்தில் ரயில் பிடிக்கும் பொறுப்பு என்னுடையது. எஸ்தர் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மறுபடி தூங்கிவிட்டாள். நான் கைப்பேசியில் ஓட்டத்தன்றைக்கு வெயில் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். நிமிர்ந்தபோது பலகையில் வேப்பம்பட்டு என்று எழுதியிருந்தது. நிலையத்தைச் சுற்றிலும் புதுசு புதுசாக அடுக்குமாடி வீடுகள். எதிரில் மடியில் டிபன் பையோடு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கும்மிடிப்பூண்டி எப்போது வரும் என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வண்டில எப்பவும் வராதுங்க. இது திருவள்ளூர் போற வண்டி. அது வேற லைனு. திரும்பிப் போயி மாத்தணும்."

எஸ்தர் கண்விழித்தாள். ஊர் மண்ணை மிதித்து அரை நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அவளுடைய கிள்ளான் தமிழ் காணாமல் போயிருந்தது. "இன்னாங்க, நீங்க முழிச்சிக்கினுதானே இருந்தீங்க?"

டிபன் பைக்காரர் சிரித்துவிட்டார். எஸ்தரும் சிரித்தாள். பெட்டிகளை இழுத்துக்கொண்டு நான் அடுத்த நடைமேடைக்குப் போனேன்.

கவரைப்பேட்டையில் எஸ்தரின் தம்பி சாமுவேல் காத்திருந்தான். தொழிற்பேட்டையில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசர். இவர்களுடைய அப்பா, அம்மா ஊரார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். சாமுவேல் தலைமுறையில் எல்லோரும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த ஓட்டத்தை நடத்துவது அவனும் அவனுடைய தொழிற்சாலை நண்பர்களும்தான். அவனும் ஓடுகிறான்.

"அக்கா முடிக்கறது கஷ்டம் மாமா," என்றான், பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டே. "தப்பா சொல்லல. ஆம்பள பாடி வேற. லங்ஸ் பெருசு, மசிலு ஜாஸ்தி. இது இயற்கை."

"இயற்கைய பத்தி ஓட்டத்துக்கு அப்பால பேசு," என்றாள் எஸ்தர்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. நூறு மீட்டரோ மாரத்தானோ, முதலில் வருகிற ஆணுக்கும் முதலில் வருகிற பெண்ணுக்கும் நடுவே இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. தூரம் கூடக்கூட அந்த இடைவெளி சுருங்குகிறது என்றும், பெண்கள் தொடக்கத்தில் தங்களை வீணடிப்பதில்லை என்றும் எஸ்தரின் ஓட்டக் கூட்டாளிகள் கிள்ளானில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் நான் தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் நாள் காலை நாஷ்டாவுக்கு இட்லியும் வடகறியும். கிள்ளானில் ரொட்டி சானாயும் தே தாரிக் டீயும் இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. வடகறி முன்னால் அதை மறந்துபோனேன். எஸ்தர் நான்கு இட்லி சாப்பிட்டாள். ஓட்டத்துக்கு முந்தின நாள் கடலைப்பருப்பு வயிற்றுக்கு ஆகுமா என்று கேட்டேன். அவள் இன்னும் ஒரு கரண்டி வடகறி ஊற்றிக்கொண்டாள்.

மத்தியானம் ஓடுகிற பாதையைப் பார்க்கச் சாமுவேல் என்னைக் கூட்டிப்போனான். தொழிற்பேட்டையைச் சுற்றி, ஏரிக்கரை ஓரமாகத் திரும்பி வந்தால் எட்டு கிலோமீட்டர். அப்படிப் பத்துச் சுற்று. காலை ஆறு மணிக்குத் தொடக்கம், மாலை ஏழு மணிக்கு முடிவு. எந்த வண்டியில் ஏறினாலும் ஆட்டம் முடிந்தது. நான் கண்டது வேறு பாதை: கன்டெய்னர் லாரிகள், வாயைத் திறந்து கிடக்கும் சாக்கடை, ஏரிக்கரையில் படுத்திருந்த ஏழு நாய்கள், ஏதோ ஒரு புகைபோக்கியிலிருந்து தொண்டையைப் பிடிக்கும் நெடி.

திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் இடம் கொடுத்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் முதலில் ஏறினார்கள், அப்புறம் ஆண்கள். இரண்டாம் வரிசை ஜன்னலோரத்தில் உட்கார்ந்த பெண்ணைச் சாமுவேல் காட்டினான். "இது கவிதா. என் லைன்ல வேலை. நாளைக்கு இதுவும் ஓடுது."

"எட்டு மணி நேரம் நின்னுக்கினேதான் வேலை," என்றாள் கவிதா. "ஓடறப்போ காலாவது நகருதேண்ணா."

டிரைவர் எத்திராஜுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இருட்ட ஆரம்பித்த பிறகு அவர் வண்டி ஓட்டும் விதம் எனக்குப் புதுமையாக இருந்தது. ஒவ்வொரு பெண்ணையும் அவரவர் வீட்டு வாசலில் இறக்கினார். சந்து எவ்வளவு குறுகலாக இருந்தாலும் உள்ளே போனார். இறங்கியவள் கதவைத் திறந்து, உள்ளே விளக்கு எரிந்த பிறகுதான் கியர் மாற்றினார். ஆண்களை நெடுஞ்சாலை முக்கிலேயே இறக்கிவிட்டார். சாமுவேலும் நானும் அங்கிருந்து நடந்தோம்.

"எங்களை வாசல் வரைக்கும் விட மாட்டீங்களா?" என்று இறங்கும்போது கேட்டுப் பார்த்தேன்.

"லேடீஸ் வாசல்ல, ஜென்ட்ஸ் முக்குல சார். தெரு லைட்டு போட்டா ஒரு பொம்பளையும் ரோட்ல நிக்கக்கூடாது. நான் வண்டி எடுத்த நாள்லேர்ந்து அதான்."

எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. நாடு விட்டு நாடு வந்து, என்னைப்போலவே யோசிக்கும் ஒரு மனிதரைக் கண்டேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை பனி இறங்கியிருந்தது. நாற்பது பேர் போல நின்றார்கள். அதில் பெண்கள் மூவர்: எஸ்தர், கவிதா, பொன்னேரியிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியை. விசில் ஊதியதும் ஆண்கள் பஸ் பிடிக்கப் போவதுபோல ஓடினார்கள். சாமுவேல் கூட்டத்தின் முன்னால் இருந்தான். எஸ்தர் மஞ்சள் சட்டையில், கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், காய்கறி வாங்கக் கிளம்பியவள் மாதிரிப் போனாள்.

எனக்குத் தண்ணீர் மேசையில் வேலை. ஒவ்வொரு சுற்றிலும் அவள் வரும்போது உப்பு மாத்திரை, வாழைப்பழம், பிறகு அதே கேள்வி: "தலை சுத்துதா?"

"இல்ல."

ஒவ்வொரு தடவையும் பொய் சொல்கிறாளோ என்று அவள் கண்ணைப் பார்ப்பேன். அவள் பழத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அவள் திருப்பத்தில் மறைந்த நிமிடத்திலிருந்து மறுபடி தெரியும்வரை நான் செய்த காரியங்கள் வெளியே சொல்ல முடியாதவை. ஒருமுறை, ஆம்புலன்ஸ் ஸ்டார்ட் ஆகுமா என்று அதன் டிரைவரைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் போட்டுக் காட்டினார்.

உச்சி வெயிலில் ஆண்கள் உதிர ஆரம்பித்தார்கள். முதலில் ஒருவர் வாந்தி எடுத்தார். அப்புறம் இருவர் தோளோடு தோள் பிடித்து வந்தார்கள். ஆறாவது சுற்றில் சாமுவேல் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு மேசைக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டான். விலகியவர்கள் படுப்பதற்கு எத்திராஜின் பஸ்தான் வசதி. வீட்டுக்குக் கொண்டுபோய் விடவும் அதுதான். ஒவ்வொருவராக ஏறி, இரண்டு பேர் சீட்டில் ஒருவராகச் சாய்ந்தார்கள்.

முதலில் முடித்ததும் ஓர் ஆண்தான். அதை மறைக்க மாட்டேன். பள்ளிப்பட்டுப் பக்கத்தில் சொந்தமாக நெல் பயிரிடும் இளைஞர் அவர். மூன்று மணிக்கு முன்பே முடித்துவிட்டார். மேசையோரம் உட்கார்ந்து மோர் குடித்தவரிடம், மஞ்சள் சட்டை போட்ட அம்மாளைப் பார்த்தீர்களா, எப்படி ஓடுகிறார் என்று கேட்டேன்.

"அவங்களா? மூணு தபா தாண்டினேன் நைனா," என்றார். "மொத தபா சர்ருனு தாண்டிட்டேன். ரெண்டாவது தபா கொஞ்சம் நேரம் புடிச்சுது. மூணாவது தபா பக்கத்துல பக்கத்துலயே வந்துக்கினு இருந்தோம், தாண்டறதுக்குள்ள பேஜாரா போச்சு. அவங்க வேகம் ஏத்தல. என் வேகந்தான் எறங்கிடுச்சு."

மோர்க் குவளையைக் கழுவி வைத்துவிட்டு, சாயங்காலம் வயலுக்குத் தண்ணீர் திருப்ப வேண்டும் என்று பஸ் பிடிக்கப் போனார். ஆசிரியை வெளிச்சம் இருக்கும்போதே சிரித்துக்கொண்டு முடித்தார். அவருக்கு முன்னால் ஐந்தாறு ஆண்கள் முடித்திருந்தார்கள். மூன்று பெண்களை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது, அது என் தொழிலில் அரிச்சுவடி. ஆனாலும் பஸ்ஸின் ஜன்னல்களில் ஆண்களின் தலைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்ததைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எஸ்தர் கடைசிச் சுற்றுக்குப் போனாள். கொஞ்சம் பின்னால் கவிதாவும் போனாள். தெருவிளக்குகள் எரிந்தன.

எத்திராஜ் பீடியை அணைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். "கஷ்டப்படறவங்கள ஏத்திக்கினு வா" என்று காலையில் சாமுவேல் அவரிடம் சொல்லியிருந்தான். அதற்கு மேல் அவருக்கு யாரும் எதுவும் விளக்கவில்லை. நானும் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அவளைப் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஏறவில்லை. பஸ்ஸில் அவளுக்கும் ஓர் இடம் இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஏரிக்கரைக்கு முன்னால், ஒரு புளியமரத்தடியில், கவிதா மெதுவாக ஓடிக்கொண்டிருந்தாள். பஸ் அவள் பக்கத்தில் நின்றது. கதவு திறந்தது. அவள் ஏறினாள். இரண்டாம் வரிசை ஜன்னலோரம், அவளுடைய தினசரி இடத்தில் போய் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தது. கழுத்தில் அடையாள அட்டையைத் தேடிய அவள் கை, நெஞ்சில் குத்தியிருந்த ஓட்ட எண்ணில் போய் நின்றது.

"நான் ஏறிட்டேன்," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

நாலு வருஷமாக, இருட்டும் நேரத்தில் அந்தக் கதவு திறந்தால் அவள் ஏறிக்கொண்டிருக்கிறாள். கால் அதைத்தான் செய்தது. பின்னால் படுத்திருந்த சாமுவேல் எழுந்து உட்கார்ந்தான். என்ன நடந்தது என்று புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். கவிதா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதாள்.

"கஷ்டமா இருந்தா ஏத்திக்க சொன்னாங்கம்மா," என்றார் எத்திராஜ், கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி. "லைட்டு வேற போட்டாச்சு."

அதற்குள் பஸ்ஸின் விளக்கில் மஞ்சள் சட்டை தெரிந்தது. எத்திராஜ் மறுபடி நிறுத்தினார். கதவு திறந்தது. நான் படியில் நின்றேன்.

எஸ்தரும் நின்றாள். கன்னமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. வலது கால் லேசாக உதறிக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக நான் வேண்டிக்கொண்டது இதுதான்: அவள், திறந்த கதவு, பக்கத்தில் நான். ஏறினால் எல்லாம் முடிந்தது. இனி எந்தப் பூக்கடைக்காரரும் என்னைக் கூப்பிட மாட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"தலை சுத்துதா?" என்றேன்.

"இல்ல. காலு மட்டும் என் பேச்ச கேக்கல."

"ஏறும்மா," என்றார் எத்திராஜ்.

"அவங்க ஏற மாட்டாங்க," என்றேன். சொன்னது நான்தான். எனக்கே நம்ப முடியவில்லை.

கவிதா துண்டை எடுத்தாள். "அக்கா, ஏறிடாத. நான் தெரியாம ஏறிட்டேன்."

எஸ்தர் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் களைப்பிலும் அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவளுக்கும் இந்த ஊர் பஸ்கள் தெரியும். "எங்க ஏறுன?"

"புளியமரத்தாண்ட."

"சாமு, ஏத்துனது உங்க தப்பு. ஏறுன எடத்துலயே எறக்கி உட்டா அவுட்டு இல்ல. சரியா?"

விதியைப் போட்டவன் அவன்தான். பஸ்ஸில் இருந்த ஆண்களெல்லாம் அவனையே பார்த்தார்கள். "சரிக்கா," என்றான். "எத்திராஜண்ணா, வண்டிய ரிவர்ஸ் எடு."

எத்திராஜ் எடுக்கவில்லை. இந்தம்மாவைத் தனியாக இருட்டில் விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் பின்னால் எப்படிப் போவது, அந்தப் பெண்ணை விட்டுவிட்டு இந்தம்மா பின்னால் எப்படி வருவது? "ரெண்டு பேரும் ஒண்ணா போனாதான் வண்டி பின்னால வர முடியும்," என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"அப்ப நான் இங்கயே நிக்கறேன்," என்றாள் எஸ்தர். "அவ வரட்டும்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு மணிக்கு அதிகம் இல்லை. நாள் முழுக்க அவள் நிற்க வேண்டும் என்று ஏங்கியவன், படியிலிருந்து குதித்து, "நிக்காத, போ, நேரம் ஆகுது" என்று அவளைத் தள்ளாத குறையாகக் கத்தினேன். அவள் தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி நீட்டி மடக்கினாள். பஸ் பின்னால் போனது. சுமார் முந்நூறு மீட்டர். இருட்டுக்குள்ளிருந்து கவிதா வந்து சேரும்வரை நான் கடிகாரத்தையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தேன். அவள் அந்தத் தூரத்தை நாள் முழுக்க ஓடாத வேகத்தில் ஓடி வந்தாள்.

இருவரும் சேர்ந்து கிளம்பினார்கள். நான் மறுபடி பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். பின்னால் பஸ், நடக்கிற வேகத்தில், இரண்டு விளக்கும் எரிய. உள்ளே ஆண்கள், எத்திராஜையும் என்னையும் தவிர எல்லோரும் ஓட்டத்தை விட்டவர்கள். முதலில் டீ குடிக்காமல் தலை வலிக்கிறது என்று ஒருவர் முணுமுணுத்தார். கொஞ்ச தூரம் போனதும் முணுமுணுப்பு நின்றது. யாரோ ஜன்னலில் தட்ட ஆரம்பித்தார்கள். சாமுவேல் ஒற்றைக் காலில் படியில் தொங்கிக்கொண்டு, "அக்கா, ஆறு நிமிசம் கீது" என்று கத்தினான். லங்ஸ் பற்றி அவன் அன்றைக்குப் பேசவில்லை.

ஏழுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது இருவரும் கோட்டைத் தாண்டினார்கள். எஸ்தர் தரையில் உட்கார்ந்து உப்புப் போட்ட மோரை ஒரே மூச்சில் குடித்தாள். கவிதா எத்திராஜிடம் போய், "அடுத்த வருஷம் என் பக்கத்துல வண்டிய நிறுத்தாதண்ணா" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, சரிம்மா என்றார்.

நான் தோற்றுவிட்டேன். வாக்கின்படி அவள் இனி எங்கு வேண்டுமானாலும் ஓடலாம். என் பயத்துக்கு ஓய்வு கிடையாது. ஆனாலும் அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

வீடு திரும்பியதும் அதே பஸ்ஸில்தான். கவிதாவை அவள் வீட்டு வாசலில் இறக்கினார் எத்திராஜ். அப்புறம் சாமுவேலையும் என்னையும் முக்கில் இறக்கினார். நடக்க முடியாதவன் என்று சாமுவேலைக் காட்டினேன். ஜென்ட்ஸ் முக்குல என்றார். எஸ்தரை ஏற்றிக்கொண்டு பஸ் சந்துக்குள் போனது.

சாமுவேல் என் தோளில் முழுப் பாரத்தையும் போட்டான். நாலு அடிக்கு ஒருமுறை நின்று கெண்டைக்காலைத் தேய்த்தோம். நடுவில் ஒரு நாய் குரைத்தது, அதற்காகவும் நின்றோம். அந்த அரைக் கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது.

சந்து திரும்பியதும், வாசல் விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் சட்டை தெரிந்தது. எண்பது கிலோமீட்டர் ஓடியவள் உள்ளே போய்ப் படுக்காமல், கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்து நின்றாள். எங்களைக் கண்டதும் பிடியை விட்டாள்.

"இவ்ளோ நேரமா இன்னா பண்ணீங்க?" என்றாள். "நான் பயந்துட்டேன்."